சைக்கிளில் வந்தவர்

ராஜினி ஈரத் துணியால் தகப்பனின் உதடுகளை நனைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. வவுனியாவில் படிக்கும் மகள் பிரஷாந்தினி ஒரு படம் அனுப்பியிருந்தாள். "அம்மா, தாத்தா சொன்ன சைக்கிள் படம் கிடைச்சிட்டுது. உடனே காட்டுங்கோ."

இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கே பரந்தனில் குடியேறிய அவளுடைய தகப்பன் பழனியாண்டி, அந்தக் கதையைச் சொல்லாத நாள் குறைவு. ஐம்பத்தைந்தாம் ஆண்டு. அவருக்கு ஏழு வயது. சீமைச் சைக்கிளை நாடு நாடாக விற்பதற்கு விளம்பரப் படம் எடுக்க வெள்ளைக்காரர்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். தலைப்பாவும் வெறுங்காலுமாக நின்ற அவருடைய தகப்பனைப் புதுச் சைக்கிளில் ஏற்றி, தேயிலைச் சரிவில் மூன்று தடவை இறங்க வைத்தார்கள். பிறகு சைக்கிளைத் துடைத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த மழைக்குள் தகப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். அவரை வேறு யாரும் படம் பிடித்ததில்லை.

ஒரு மாதமாகப் பழனியாண்டிக்கு ஒரே புலம்பல். "எங்கப்பா மொகம் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது புள்ள."

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ராஜினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படத்தை ஓடவிட்டாள். ஒருவன் ஆங்கிலத்தில் உற்சாகமாகப் பேசினான். ஆபிரிக்காவில் ஒரு சந்தை, மலாயாவில் ஒரு பாலம், பிறகு தேயிலைச் சரிவு. சைக்கிளில் வந்தவர் கோட்டும் சப்பாத்தும் போட்ட யாரோ கொழும்புக்காரர். ஓரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் முதுகுகள். அவ்வளவுதான். திரும்பவும் ஓடவிட்டாள். தலைப்பா கட்டிய ஒருவரும் இல்லை.

"வந்துட்டாரா?" என்றார் பழனியாண்டி.

"ஓம் அப்பா. வாறார்."

"தலப்பாவோடயா?"

"ஓம். வெள்ளைத் தலைப்பா."

"சிரிக்கிறாரா?"

"சிரிக்கிறார் அப்பா. அச்சு அசலாய் உங்களை மாதிரியே இருக்கிறார்."

அவர் கையை உயர்த்தித் தன் முகத்தைத் தடவினார். நெற்றி, மூக்கு, தாடை. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. பிறகு கை மார்பில் விழுந்தது. பின்னேரம் மூச்சு அடங்கியது.

மறுநாள், சுடலைக்குப் போன ஆண்கள் திரும்பிய பிறகு பிரஷாந்தினி தாயின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, அவசரத்தில முழுக்கப் பாக்காமல் அனுப்பிட்டன். பஸ்ஸில வரேக்கதான் வடிவாப் பாத்தனான். பூட்டன் அதில இல்லையே. தாத்தாட்ட என்ன சொன்னீங்கள்?"

ராஜினி மகளின் முகத்தையே பார்த்தாள்.

"சாப்பிட்டனியோ?"

"இல்லை."

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டுச் சுப்பம்மா கொண்டுவந்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, பருப்பை ஊற்றி மகளிடம் கொடுத்தாள். பிரஷாந்தினி இரண்டு வாய் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானும் அதே கோப்பையில் கை வைத்தாள்.