பேராசிரியர் நடந்த வயல்

ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த பாண்டிதுரையைக் கண்டால் காட்டுச்செடிகள் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பது 2022 மார்கழியில் உறுதியானது. மாணவர்களை மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போய், தொட்டாற்சுருங்கியைக் காட்டக் குனிந்தார். தொட்டால் இலையை மூடுகிற செடி, அவர் கை படுமுன்னே வேரோடு கீழே போய்விட்டது. பக்கத்திலிருந்த தும்பையும் போனது. வேலியோரத்து உண்ணிச்செடி பெரிய புதர் என்பதால் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டது.

காரணம் ஊருக்கே தெரியும். அதே துறையில் ஆய்வக உதவியாளராக இருந்தவள், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து மாரிச்செல்வி. எம்.எஸ்சி. படித்துவிட்டுக் குடுவை கழுவினாள். பத்தொன்பது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் மலையடிவாரத்துக்கு பஸ் ஏறினாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட ஞாயிறு வேண்டாமென்று சொல்லிச் சொல்லியே கல்யாணம் தட்டிப்போனது. இந்த மண்ணிலேயே பிறந்த செடி எது, எங்கிருந்தோ வந்து இங்கே பிழைத்துக்கொண்டது எது, எப்போது பூக்கும், எந்த எறும்பு தேடி வரும் என்று அறுநூற்றுப் பதினான்கு செடிகளை நோட்டில் எழுதினாள். ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து, 'சேகரித்தவர்: மாரிச்செல்வி' என்று சீட்டு ஒட்டினாள். பாண்டிதுரை அந்தச் சீட்டுகளை ஈரத்துணி போட்டு ஊறவைத்து உரித்தார். தன் பெயரை ஒட்டினார். நோட்டையும் தன் புத்தகமாகப் போட்டார். முன்னுரையில், பழைய செய்தித்தாள் கொடுத்து உதவிய மாரிச்செல்விக்கு நன்றி சொல்லியிருந்தார். எம்புட்டுப் பெரிய மனசு!

வெளியீட்டு விழா வாசலில் அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மண் என்ன பாவம் செய்தது என்று அவள் தூற்றவில்லை. நேரே செண்பகத்தோப்புக்குப் போனாள். மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல், ஒவ்வொரு செடி முன்னாலும் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஒன்னய ஒருநாளும் பாக்காதவன், பாத்தேன்னு எழுதியிருக்கான். கேட்டுக்கோ" என்றாள். தடுக்கப் போன வனக்காவலர் கண்ணுச்சாமி, அறுபதாவது செடியில் தானும் அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மேலே சொன்னதெல்லாம். புத்தகத்தைச் சரிபார்க்க வந்த குழுவுக்குப் பேராசிரியரால் ஒரு புல்லைக்கூடக் காட்ட முடியவில்லை. வேலை போயிற்று. ஆனால் நோட்டில் இல்லாத நெல்லும் தென்னையும் அவரைக் கண்டு அசையவில்லை. இதை முதலில் கவனித்தவர் வத்திராயிருப்பு விவசாயி மலைச்சாமி. "சார், செத்த நேரம் நம்ம வயலுக்குள்ள நடந்துட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டார். பேராசிரியர் நடந்தார். கோரையும் அருகும் கீழே இறங்க, நெல் மட்டும் நின்றது.

2024-இல் பாண்டிதுரை புத்தகத்தை மறுபடி அச்சடித்து, அட்டையில் மாரிச்செல்வி பெயரைப் போட்டு, மடவார் வளாகத்துக்கு எடுத்து வந்தார். "ஒம்பேரையே போட்டுட்டேம்மா. அதுககிட்டக் கொஞ்சம் சொல்லு. ஒரு செடிய நின்னு பாத்து ரெண்டு வருசமாச்சு."

அவள் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தாள். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க சார். ஒவ்வொண்ணுகிட்டயும், அதப் பத்தி நீங்க பாத்தது ஒண்ணு சொன்னாப் போதும். நிக்கும்."

மறுநாள் பேராசிரியர் மலைச்சாமியின் வயலில் இறங்கினார். காலடியில் ஒரு கரிசலாங்கண்ணி, வெள்ளைப் பூவோடு, போகாமல் காத்திருந்தது. அவசரமாகப் புத்தகத்தைப் பிரித்து நூற்று நாற்பதாம் பக்கத்தை வாசித்தார். செடி ஒரு வரி கேட்டது. பிறகு உள்ளே போனது.

"அது நான் பாத்தது சார்" என்றாள் வரப்பில் உட்கார்ந்திருந்த மாரிச்செல்வி. அவளுக்கு அப்படியொரு சிரிப்பு. அதை அவள் மறைக்கவும் இல்லை.

அதன்பின் எந்தச் செடியும் காத்திருக்கவில்லை. பார்த்தால்தான் சொல்ல முடியும். சொன்னால்தான் அவை நின்று பார்க்கவிடும். இன்றுவரை அப்படியேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாரிச்செல்வி முறுக்குப் பொட்டலத்தோடு வந்து, அவர் நடப்பதை வரப்பிலிருந்து பார்க்கிறாள். வத்திராயிருப்பில் களையெடுக்க இப்போது பேராசிரியரைத்தான் கூப்பிடுகிறார்கள். நடவு முடிந்த நேரம் என்றால் ஒரு வாரம் முன்னாலேயே போனில் சொல்லிவிட வேண்டும்.