உட்பக்கத்து ஆள்

“நெத்தலிக் கருவாடு, அத்தான். ஒரு கைப்பிடி இருக்கும். புதுச்சட்டியிலை, பருப்புக்குள்ளை.”

“நீ கண்டனியோ?”

“கண்டனான். எங்கடை குசினிக்குள்ளை அக்கா அகப்பையாலை கிண்டிக்கொண்டு நிக்கிறா. என்னைக் கண்ட உடனை, ‘உப்புக் காணாது கனகம், இனிக் கணக்காய் இருக்கும்’ எண்டு சொல்லுறா.”

“உன்ரை மனுசன் என்ன சொன்னவர்?”

“செத்த தகப்பனுக்குப் படைக்கிற விரதச் சோறு, அத்தான். விரதக் கறிக்குக் காத்தோட்டிக்காய்கூட எங்கையோ தேடிக் கொண்டுவந்து தந்தவர். வாழையிலையோடை குசினி வாசல்லை வந்தவர், மணத்தைக் கண்டிட்டு அப்பிடியே நிண்டார். ஒண்டும் கதைக்கேல்லை. தண்ணியும் குடியாமல் போய்ப் படுத்திட்டார். ரண்டு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.”

“காகங்களுக்கு எண்டாலும் இந்த ஆடி அமாவாசை நல்லாய்ப் போயிருக்கும்,” என்றார் சோமசேகரம்.

கனகாம்பிகை சிரிக்கவில்லை. மற்ற நாளென்றால் சிரித்திருப்பாள். மற்ற நாளென்றால் இந்நேரம் அவள் வேலியிலுள்ள பொட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்து, கிணற்றடியில் தன் தமக்கையைக் குந்தவைத்து முழுகவார்த்துக்கொண்டிருப்பாள். நீர்வேலியில் அந்த வளவு ஒருகாலத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. மூத்தவள் பூரணத்துக்கும் இளையவள் கனகாம்பிகைக்கும் சீதனமாகப் பிரித்தபோது நடுவில் தென்னோலைக் கிடுகுவேலி வந்தது. வேலி வந்த அன்றே, வேலியில் நட்ட இரண்டு பூவரசங் கதிகால்களுக்கு இடையில், ஒரு பெண் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு பொட்டும் விட்டார்கள். ஒழுங்கையில் இறங்காமல், யார் கண்ணிலும் படாமல், புளிக்கும் நெருப்புக்கும் இரண்டு கதைக்குமாகப் பெண்கள் போய்வருகிற வழி அது. இன்று அவள் அதற்கு அப்பால் நின்றாள். சேலைத் தலைப்பு மட்டும் காற்றில் இந்தப் பக்கம் வந்து போனது.

“புதன்கிழமை வேலி அடைக்கப்போறாராம்.”

“அடைக்கத்தானே வேணும். கிடுகு எல்லாம் உக்கிப்போச்சு.”

“பொட்டையும் சேர்த்து, அத்தான்.”

சோமசேகரம் கதிகாலில் ஊர்ந்த எறும்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கருவாட்டுக்காக இல்லை.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “பெட்டை குணத்துக்கு அளவெட்டியிலை ஒண்டு பொருந்திவருகுது. ஆவணியிலை பெண் பாக்க வருகினம். பெரியதாய்க்கு விசர் எண்டு ஆரும் ஒருத்தர் வாய்விட்டால் காணும். பொட்டு இருந்தால் அக்கா வருவா. வந்திருக்கிற சனத்துக்கு முன்னாலை என்னத்தைச் செய்வாவோ. நானும் பெத்தவள்தானே?”

“விசர் இல்லை. அறளை. வயசுபோன மறதி.”

“ஐம்பத்திநாலு வயசிலை அறளையோ? ஆர் நம்புவினம்?”

“சரி, அடையுங்கோ,” என்றார் அவர். “நான் பாக்கிறன்.”

அதை ஏன் சொன்னோம் என்று அன்று முழுவதும் யோசித்தார். இருபத்தாறு வருடம் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். கடைசி ஒன்பது வருடம் காட்டுக்கும் றப்பர் தோட்டத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு அவர்தான் மாஸ்டர். தந்தி அடிப்பதும் கொடி காட்டுவதும் விளக்குத் துடைப்பதும் அவரே. உதவி கேட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் பொட்டடியில் வாய் திறந்து ‘சரி’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

வைகாசியில் பூரணத்தை வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். டொக்குத்தர் இளம் ஆள். இன்றைக்கு என்ன கிழமை என்று அவளைக் கேட்டார். “உங்களுக்குத் தெரியாதோ, தம்பி?” என்று பூரணம் திருப்பிக் கேட்டாள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதற்கு, இல்லாத பிள்ளைகளை விரல்மடித்து எண்ணத் தொடங்கினாள். டொக்குத்தர் சோமசேகரத்தை வெளியே அழைத்துவந்து, மூளை கொஞ்சங் கொஞ்சமாய் வாடுகிற வருத்தம், இந்த வயதிலும் சிலருக்கு வரும், மருந்து கிடையாது என்றார். பிறகு, “அவவைப் பாக்க உங்களோடை வேறை ஆர் இருக்கினம்?” என்று கேட்டார்.

“மச்சாள் இருக்கிறா. பக்கத்து வளவு.”

“அவவை விட்டிடாதையுங்கோ. தனிய நிண்டால் இவவுக்கு முதல் உங்களைத்தான் இஞ்சை தூக்கிக்கொண்டு வருவினம்.”

டொக்குத்தரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. கனகாம்பிகையிடமும் சொன்னதில்லை. பெண்ணைக் குளிக்கவார்ப்பது பெண்களின் வேலை, ஆகையால் அத்தான் ஒதுங்கிக்கொள்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார். நடுவில் தங்கமுத்து என்று ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்தார். எட்டாம் நாள் பூரணம் அவளைக் கள்ளி என்று நினைத்து மணிக்கட்டில் கடித்துவிட்டாள். காயத்துக்கு மஞ்சள் கட்டிக்கொண்டு படலையைத் தாண்டியவள் பிறகு அந்த ஒழுங்கைப் பக்கமே வரவில்லை.

அமாவாசைக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை காலை, கனகாம்பிகை வராதபோது, அவரே வாளியில் தண்ணீர் அள்ளிவைத்தார். அரப்பும் எடுத்துவைத்தார். பூரணத்தின் கையைப் பிடித்தார். அவள் கையை உதறி, தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

“நீங்கள் ஆர்?”

“பூரணம், நான்தான்.”

“எங்கடை அவர் மலாயாவிலை. ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள்ளை உப்பிடி வரப்படாது, ஐயா. வெளியிலை போங்கோ.”

அவள் பயந்துதான் இருந்தாள். ஆனால் அந்தப் பயத்திலும் ஒரு மரியாதை இருந்தது. குரலை உயர்த்தவில்லை, ஐயா என்றுதான் சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் அவர் லீவில் வந்தது ஐந்து முறை. மற்றக் காலமெல்லாம் இந்த வீட்டில் தனியே இருந்து, வாசலுக்கு வந்த ஆண்களை எல்லாம் அவள் இதே குரலில்தான் திருப்பி அனுப்பியிருப்பாள். அவளுடைய புருஷன், சுவரில் தொங்குகிற படத்தில் கறுத்த மீசையும் ஒடுங்கிய கன்னமுமாக நிற்கிறவன். இந்த வழுக்கைத் தலைக்காரனை அவள் எங்கே கண்டாள்?

அவர் முற்றத்துக்கு இறங்கினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேறு வழி தெரியாமல், “நான் மலாயாவிலை இருந்து வாறன். அவர் சொல்லிவிட்டவர்,” என்றார்.

அவள் முகம் திறந்தது. வாசல் நிலையைப் பிடித்தபடி, “சுகமாய் இருக்கிறாரோ?” என்று கேட்டாள்.

“ஓம். சுகம்.”

“வேளைக்குச் சாப்பிடுறவரோ?”

“சாப்பிடுறவர்.”

“எப்ப வாறாராம்?”

“தைக்கு.”

“இருங்கோ ஐயா, கோப்பி கொண்டுவாறன்,” என்று உள்ளே போனாள். அடுப்பில் நெருப்பு இல்லை. உள்ளே போனவள் என்னத்துக்குப் போனோம் என்பதை மறந்திருப்பாள். அவர் முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தார். செய்தி கொண்டுவந்த ஆள் முற்றத்தோடுதான் இருக்கவேண்டும். இனி உள்ளே போனாலும் அவளுக்கு அவர் அந்நியன். அவளைத் தனியே விட்டு வெளியே போகவும் வழி இல்லை. படலையில் பூட்டுப் போட்டு, அவள் ஒழுங்கையில் இறங்கிப் போகாதபடி, திறப்பை இடுப்பில் செருகியிருந்தவர் அவர்தான். ஸ்டேஷனில் இரண்டு ரயில்களுக்கு நடுவே இப்படி மணிக்கணக்காக உட்கார்ந்திருந்ததுண்டு. அங்கே அடுத்த ரயில் எப்போது என்று ஒரு பலகையில் எழுதியிருக்கும்.

செவ்வாய்க்கிழமையும் அவள் குளிக்கவில்லை. உடுத்த சேலையையும் மாற்ற விடவில்லை. சேலையின் பின்பக்கம் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது. இரண்டு முறை பொட்டடிக்குப் போய் நின்றார். அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டது, ஆனால் யாரும் வரவில்லை. கூப்பிடாமல் திரும்பினார்.

புதன்கிழமை காலை கனகாம்பிகையின் புருஷன் அருளம்பலத்தின் குரல் வேலிக்கு மேலால் வந்தது.

“அண்ணை, உட்பக்கத்துக்கு ஒரு ஆள் வேணும். வாறன் எண்டவன் வரேல்லை. ஒரு கை தருவியளோ?”

சகலன் கேட்கிறான். எல்லைவேலி அடைப்பது தனி ஆள் செய்கிற வேலை இல்லை. வெளியே நிற்கிறவன் கிடுகை நிறுத்தி, குத்தூசியில் கயிற்றைக் கோர்த்து உள்ளே குத்துவான். உள்ளே நிற்கிறவன் கயிற்றை வாங்கி, பனைமட்டை வரிச்சைச் சுற்றி எடுத்து, திரும்ப ஊசியில் கோர்த்துவிடவேண்டும். அப்போதுதான் அவன் இழுத்துக் கட்டலாம். சோமசேகரம் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு வேலியடியில் குந்தினார்.

“கெதியா அண்ணை. றெயிலும் உங்கடை கையிலை உப்பிடித்தான் பிந்தினதோ?”

“என்ரை ஸ்டேஷனிலை ஒரு றெயிலும் பிந்தேல்லை.”

“அப்ப கையிலைதான் பிழை.”

அருளம்பலம் நல்லவன். அமாவாசையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவன் திட்டியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது கேட்டிருக்கலாம். ஒழுங்கை முனையிலிருந்து தொடங்கிய வேலை பொட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. கீழ்வரிசை ஏறியபோது அருளம்பலத்தின் கால்கள் மறைந்தன. அடுத்த வரிசையில் இடுப்பு. பிறகு முகம். புதுக்கிடுகின் பச்சை வாசனைக்குள்ளிருந்து குரலும் ஊசியும் மட்டும் வந்தன. ஊசி வரும், அவர் வாங்குவார், சுற்றுவார், கோர்ப்பார், அது போகும். கை பழகிவிட்டது. ஒரு முடிச்சும் பிசகவில்லை. தான் எதைத் தைக்கிறோம் என்பதைக்கூட நடுவில் கொஞ்ச நேரம் மறந்திருந்தார்.

உச்சிவெயிலில் பொட்டுக்கு வந்தார்கள். கீழ்க்கிடுகு நிறுத்தப்பட்டது. அதற்குமேல் ஒன்று. எஞ்சிய இடைவெளியால், அப்பால் குசினி வாசலில் ஒரு சேலை தெரிந்தது. கனகாம்பிகை வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய கண்ணைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தாள். மூன்றாவது கிடுகு வந்து அவளையும் மறைத்தது. இனிக் கட்டுவதுதான் மிச்சம்.

பின்னால் முருங்கை நிழலில் பூரணம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஈக்கள் மொய்த்தன. அவள் விரட்டவில்லை.

“ஐயா,” என்று கூப்பிட்டாள். “உவ்வளவு வெயிலுக்கை நிண்டு வேலை செய்யிறியளே. அவர் வந்தால் நான் சொல்லுவன்.”

ஊசி உள்ளே வந்தது. சோமசேகரம் கயிற்றை வாங்கி வரிச்சைச் சுற்றினார். கோர்க்கவில்லை.

“கோர்த்தாச்சோ, அண்ணை?”

“அருளம்பலம்.” “கனகமும் அங்கை நிக்கிறாவோ? நிண்டால் கேக்கட்டும். நான் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பூரணத்துக்கு என்னை ஆரெண்டு தெரியாது. ஒரு வருசமாச்சு. ஆரோ ஆம்பிளை எண்டு நினைக்கிறாள். தொடவிடுறாள் இல்லை. அமாவாசையிலை இருந்து குளிக்கேல்லை. என்னைக் கண்டு ஒதுங்கி ஒதுங்கி நிக்கிறாள்.”

மறுபக்கத்தில் கைவளையல் ஒன்று அசைந்து நின்றது.

“நீங்கள் வேலியை அடையுங்கோ. வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இந்தக் கீழ்க்கிடுகை மட்டும் கட்டாமல் விடுங்கோ. சும்மா சாத்தி வைப்பம். பாக்கிறவைக்கு வேலிதான். விடியமுன்னம் கனகம் அதை விலத்திக்கொண்டு வந்து, ஒரு வாளி தண்ணி வாத்துப்போட்டுப் போகட்டும். ஒருத்தரும் காணாயினம். பெண் பாக்க வாற அண்டைக்கு நான் இவளை வீட்டுக்குள்ளை பூட்டிவைச்சு வாசல்லை படுக்கிறன். அந்த ஒரு கிடுகை மட்டும் விடுவியளோ?”

வாழைத்தோட்டப் பக்கம் யாரோ மாட்டை அதட்டினார்கள். ஊசி ஓலைக்குள்ளிருந்து ஒரு சாண் நீட்டியபடி அவருடைய நெஞ்சுக்கு நேரே நின்றது. கையிலிருந்த கயிறு இழுபடவில்லை. ஆனால் அதன் மறுமுனையை, ஓலைகளுக்கு அப்பால், ஒரு கை விடாமல் பிடித்திருந்தது.