பதினாலா, பதினைந்தா

சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் மதியம் இரண்டரை மணி. தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்து அனுப்பும் அந்தக் கம்பெனியின் கேன்டீனில் நிற்க இடமில்லை. மேசைகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு நடுவில் இரண்டை மட்டும் எதிரெதிரே போட்டிருந்தார்கள். ஒன்று உற்பத்தி லைன் ஒன்றுக்கு, இன்னொன்று லைன் மூன்றுக்கு. மேசைக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு கரண்டி. பதில் தெரிந்தால் தட்டில் அடிக்க வேண்டும். எச்.ஆர். பீட்டர் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வினாடி வினாவின் தலைப்பு, 'இந்தியப் பிரதமர்கள்: வாழ்வும் ஆட்சிக்காலமும்'.

தலைப்பைக் கேட்டால் யாருக்கும் கொட்டாவி வரும்தான். ஆனால் பரிசைக் கேட்டால் தூக்கம் போய்விடும். ஜெயிக்கிற டீமின் ஐந்து பேருக்கும் ஒரு வருஷம் முழுக்க ஃபர்ஸ்ட் ஷிப்ட், அதற்குக் கையெழுத்துப் போட்ட லெட்டர். காலை ஆறுக்கு வந்தால் இரண்டுக்குக் கிளம்பிவிடலாம். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாறி மாறி உடம்பு கெட்டுப்போன ஜனங்களுக்கு அதைவிட என்ன வேண்டும், சொல்லுங்கள்.

லைன் மூன்றின் மேசையில் கடைசியாக உட்கார்ந்திருந்தவள் ஃபிர்தௌஸ். பழவேற்காட்டிலிருந்து வருகிற பெண். பொன்னேரிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில், மாலை வகுப்பில் டிப்ளமோ படிக்க இடம் கிடைத்திருந்தது. இருபதாம் தேதிக்குள், 'இவருக்கு நிரந்தரமாகப் பகல் ஷிப்ட்' என்று கம்பெனி லெட்டர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போன வாரம் இதே பீட்டர் சாரிடம்தான் போய் நின்றாள்.

"ரிலீவருக்கு ஃபிக்ஸட் ஷிப்ட் லெட்டர் தர ரூல் இல்லம்மா," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ரிலீவர் என்றால் அந்தக் கம்பெனியில் ஒரு தனிப் பிறவி. எந்த லைனிலாவது யாராவது லீவு போட்டால், அவர் திரும்பி வரும்வரை அந்த மெஷினில் நிற்க வேண்டிய ஆள். ஃபிர்தௌஸ் மூன்று வருஷமாக நிற்காத மெஷின் கிடையாது. ஆனால் எந்த லைனின் போர்டிலும் அவள் பேர் கிடையாது. இன்றைக்கு இந்த மேசையில் உட்கார்ந்திருப்பதுகூட ரிலீவராகத்தான். டீமில் இருந்த மோகன்ராஜ், ஆடி மாச வேண்டுதலுக்காக வீட்டம்மாவோடு பெரியபாளையத்துக்குப் போய்விட்டார். லைன் லீடர் குணசுந்தரி காலையில்தான் வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"ஏய் ஃபிர்தௌஸு, மோகன்ராஜுக்குப் பதிலா நீ வந்து குந்து. பஸ்ல அந்த லிஸ்டயே படிச்சிக்கினு வர்றியே, நான் பாக்கல?"

உண்மைதான். போட்டி பற்றிப் பேச்சு அடிபட்ட நாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அதே வேலை. தேதிகள் மனசில் நிற்கவில்லை என்று, ஷிப்ட் ரிஜிஸ்டர் மாதிரி மாற்றிப் படித்தாள். நேரு, பதினேழு வருஷம் ஒரே மெஷின். சாஸ்திரி, பத்தொன்பது மாசம். இந்திரா, ஒரு தடவை வந்து, இடையில் போய், மறுபடி டியூட்டியில் சேர்ந்தவர். இப்படிப் படித்தபோது நேருவுக்கும் சாஸ்திரிக்கும் நடுவில் ஒருத்தர் நிற்பதைப் பார்த்தாள். குல்சாரிலால் நந்தா. பதிமூன்று நாள். சாஸ்திரி இறந்தபோது மறுபடி அவரே வந்தார். மறுபடியும் பதிமூன்று நாள். அடடா, இவர் நம்ம ஆளு, என்று ஃபிர்தௌஸ் ஜன்னல் பக்கம் திரும்பித் தனியாகச் சிரித்தாள். அந்தப் பேர் அப்புறம் மறக்கவே இல்லை.

போட்டி சூடு பிடித்தது. முதல் கேள்வி, எண்பத்தொரு வயதில் பிரதமரானவர் யார். குணசுந்தரி கரண்டியால் அடித்த அடியில் தட்டு கீழே விழுந்து உருண்டது.

"மொரார்ஜி தேசாய்," என்றாள், தட்டைப் பொறுக்கிக்கொண்டே.

இரண்டாவது கேள்வி, பிரதமராகப் பார்லிமெண்ட்டை ஒரு நாள்கூடச் சந்திக்காதவர் யார். லைன் ஒன்றின் லீடர் பரத், கேள்வி முடிவதற்குள் அடித்துவிட்டான். சரண் சிங். அவன் பக்கம் ஒரே விசில். பரத்துக்கு வாயும் கையும் ஒரே வேகம், அது கம்பெனிக்கே தெரிந்த விஷயம்.

மூன்றாவது கேள்வியைப் பீட்டர் சார் நிதானமாக வாசித்தார். "இரண்டு முறை, இரண்டு முறையும் பதிமூன்றே நாட்கள், இந்தியாவின் பிரதமராக இருந்தவர் யார்?"

ஃபிர்தௌஸ் எப்போது தட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. "குல்சாரிலால் நந்தா," என்றபோது குரல் கீச்சென்று வந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும், பாயிண்ட் வந்துவிட்டது.

அப்படியே ஏறி இறங்கி, ஒரு கேள்விக்கு இரண்டு பக்கமும் பதில் வராமல் போக, ஒன்பது கேள்வி முடிந்தபோது இரண்டு லைனும் சரிசமம். இனி ஒரே கேள்வி. ஃபிர்தௌஸுக்கு அந்த லெட்டர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கம்பெனி சீல், பீட்டர் சார் கையெழுத்து, அவள் பேர்.

"கடைசிக் கேள்வி. சுதந்திரம் வாங்கின நாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும் இந்தியாவுக்கு மொத்தம் எத்தனை பேர் பிரதமராக இருந்திருக்கிறார்கள்?"

ஃபிர்தௌஸ் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஐந்துகூட எண்ணி முடிக்கவில்லை, எதிர் மேசையில் டங்கென்று சத்தம்.

"பதினாலு," என்றான் பரத்.

பீட்டர் சார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "கரெக்ட்."

அவ்வளவுதான். லைன் ஒன்று ஆட்கள் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடித்தார்கள். குணசுந்தரி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஃபிர்தௌஸ் மட்டும் எண்ணுவதை நிறுத்தவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. கடைசிப் பேர் வந்தபோது மூன்றாவது சுற்றின் ஐந்தாவது விரல் மடங்கியது.

அவள் எழுந்து நின்றாள். கரண்டியை எடுத்துத் தட்டில் அடித்தாள். ஒரு தடவைக்கு நாலு தடவை அடித்தாள்.

"சார், அது தப்பு. பதினஞ்சு."

"இல்லம்மா, ஆன்சர் ஷீட்ல பதினாலுன்னு தெளிவா இருக்கு," என்றார் பீட்டர் சார்.

"நந்தாவ சேத்தா பதினஞ்சு வருது சார்."

"அவரு ஆக்டிங்தானேம்மா? இடைக்காலம். அதெல்லாம் சேக்குறது இல்ல."

பரத் சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தான். "இன்னா ஃபிர்தௌஸ், ரிலீவரெல்லாம் கணக்குல வருவாங்களா?"

கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. பரத் கெட்டவனில்லை, விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தை ஃபிர்தௌஸுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் வந்தது. கோபம் வந்ததும் பயம் போய்விட்டது.

"சார், மூணாவது கேள்வில நீங்க இன்னா கேட்டீங்க? 'பிரதமராக இருந்தவர் யார்'னு கேட்டீங்களா இல்லியா? நான் நந்தான்னேன். கரெக்ட்னு பாயிண்ட் குடுத்தீங்க. மூணாவது கேள்வில பிரதமரா இருந்த மனுஷன், பத்தாவது கேள்வில எப்டி சார் காணாம பூட்டாரு?"

சிரிப்பு நின்றது. பீட்டர் சார் தாளைத் திருப்பி மூன்றாவது கேள்வியைப் பார்த்தார்.

ஃபிர்தௌஸ் விடவில்லை. "பரத் அண்ணா, போன மாசம் உங்க லைன்ல கிறிஸ்டினா அக்கா லீவுல போனாங்களே. அந்த கிரிம்பிங் மெஷின்ல பதிமூணு நாள் நின்னது யாரு? மெஷின் தானா ஓடிச்சா? நேரு போனப்புறம் பதிமூணு நாள் நாட்டுக்குப் பிரதமர் யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? சீட் காலின்னா?"

பின்பக்கச் சுவரோரம் நின்றிருந்த ரிலீவர்கள் ஒருத்தர் கை தட்ட, இன்னொருத்தர் தட்ட, அப்புறம் யார் தட்டுகிறார்கள் என்றே தெரியாமல் கேன்டீன் அதிர்ந்தது. பிறகு, "அந்தப் பொண்ணு சொல்றதுல நியாயம் கீது சார்," என்று பரத்தே முனகினான்.

பீட்டர் சார் போனை எடுத்தார். அரசாங்கப் பட்டியலைத் தேடி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"பேர் இருக்கு," என்றார் கடைசியில். "ரெண்டு தடவை இருக்கு. ஆக்டிங்கா இருந்தாலும் ஆள் ஆளுதான். என் கேள்வியில 'எத்தனை பேர்'னுதான் இருக்கு. பதினஞ்சுதான் சரி. லைன் த்ரீ வின்னர்."

அப்புறம் நடந்தது எதுவும் ஃபிர்தௌஸுக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. குணசுந்தரி அவளைத் தூக்கியே விட்டாள். யாரோ தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஃபிர்தௌஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. உம்மாவுக்கு உடனே போன் பண்ண வேண்டும், ஆனால் போன் லாக்கரில் இருந்தது.

பீட்டர் சார் இரண்டு லைனுக்கும் தனித்தனியாக டைப் அடித்து வைத்திருந்ததில் லைன் மூன்றின் லெட்டரை எடுத்து விரித்தார். "ஒரு வருஷம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் பெறுகிறவர்கள்," என்று ஐந்து பேரையும் வாசித்தார். குணசுந்தரி பேர் முதலில் வந்தது. ஐந்தாவதாக மோகன்ராஜ் பேர் வந்தது. தாளை மடித்தார்.

ஃபிர்தௌஸ் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவள் கேட்கவில்லை. மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு, கேட்காமல் இருக்கப் பழகியிருந்தாள். தட்டையும் கரண்டியையும் எடுத்துக் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோகத் திரும்பினாள்.

குணசுந்தரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். மைக் இல்லாமலே கேன்டீன் கடைசி வரைக்கும் கேட்டது அவள் குரல்.

"சார், நந்தா பேர உட்டுட்டீங்க."

பீட்டர் சார் குணசுந்தரியைப் பார்த்தார். ஃபிர்தௌஸைப் பார்த்தார். கையிலிருந்த ஆன்சர் ஷீட்டில் 'பதினாலு' என்று டைப் ஆகியிருந்த இடத்தைப் பார்த்தார். அவர் லெட்டரை மறுபடி விரித்து, மேசைமேல் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மோகன்ராஜ் பேரை அடிக்கவில்லை. அதற்குக் கீழே ஆறு என்று எண் போட்டார்.

"ஸ்பெல்லிங் சொல்லும்மா," என்றார். "ரெண்டு தடவை எழுதணுமா?"

"ஒரு தடவ போதும் சார்," என்றாள் ஃபிர்தௌஸ்.

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.