ஆத்தா கேட்ட மாத்திரை

அஞ்சம்மாளுக்கு வந்தது காக்காய் வலிப்பு. ஆனால் அது ஆடி மாதம், கூழ் ஊற்றும் நாளில், அம்மன் கோயில் வாசலில் வந்து தொலைத்ததால், ஊத்துக்கோட்டைப் பக்கத்து அந்தச் சின்ன ஊர் அதற்கு ஆத்தா என்று பேர் வைத்துவிட்டது. அடுத்த வருஷம் அவளை மூன்று நாள் பட்டினி போட்டு, தூங்கவிடாமல், காதருகே பம்பை அடித்தார்கள். வராமல் என்ன செய்யும்? அவள் பல்லைக் கடித்தால் மழை, காலை உதறினால் நல்ல மகசூல் என்று தர்மகர்த்தா ஆதிகேசவன் அர்த்தம் சொன்னார். அடேயப்பா, என்ன ஞானம்! அப்பேர்ப்பட்டவர் தன் மகள் செல்வியை மட்டும் திருவிழாவுக்குக்கூட வெளியே விடமாட்டார். கண் பட்டுவிடுமாம்.

மாசியில் அஞ்சம்மாள் இடுப்புக் குழந்தையோடு அடுப்பருகே விழுந்தாள். குழந்தையின் முழங்கை வெந்துபோனது. அன்றைக்கும் ஆத்தாதான் வந்தாள் என்றது ஊர். குழந்தையைத் தூக்கத்தான் ஒருவரும் வரவில்லை. புருஷன் அரசப்பன் அவளைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான்.

"வர்றதுக்கு முன்னால ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார் டாக்டர்.

"பால் தீஞ்ச வாசன வரும் ஐயா."

"வாசனை வந்ததுமே கீழே படுத்துடு. பட்டினி கிடக்காதே, தூக்கத்தைக் கெடுக்காதே. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதே."

ஐந்து மாதம் ஒரு வலிப்பு இல்லை. அவளுக்கு நிம்மதி, ஊருக்குத் தலையில் இடி. கூழ் ஊற்றும் நாள் காலையிலேயே ஆதிகேசவன் வந்து மாத்திரைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"புதுவாயல்லேர்ந்து வண்டி கட்டிக்கினு ஜனம் வருது. நீ மாத்திர துன்னுக்கினு இருந்தா ஆத்தா எப்டிம்மா வருவா? இனிமே இது வோணாம்."

 அஞ்சம்மாள் குழந்தையின் கைத் தழும்பைப் பார்த்தாள். ஆத்தா வரத்தானே வேண்டும், வந்துவிட்டால் போயிற்று என்று முடிவு செய்தாள்.

உச்சிவேளையில் பம்பை முழங்கியது. பால் வாசனை எதுவும் இல்லை. முடியை அவிழ்த்துவிட்டு ஆடினாள். வலிப்பில் தான் எப்படி விழுவோம் என்பது அவளுக்கே தெரியாது. அதனால் இந்த ஆத்தா விழவே இல்லை, வாயைத் திறந்து பேசினாள்.

"டேய் ஆதிகேசவா! எட்றா என் பொட்டலத்த! தெனம் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு எனக்கு வோணும்டா! இவள பட்டினி போட்டீங்க, தூங்கவுடாம பண்ணீங்க, ஊர சும்மா உடமாட்டேன்! இவ உழுந்தா கைல சாவி திணிக்காதீங்கடா, வாய்ல எதையும் உடாதீங்கடா! ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு, மொதல்ல கொழந்தயத் தூக்குங்கடா!"

அர்த்தம் சொல்ல ஆதிகேசவனுக்கு வேலையே இல்லை. ஓடினார். தட்டில் வேப்பிலை, கற்பூரம், நடுவில் மாத்திரை வந்தது. ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அஞ்சம்மாள் ஒரு வாய் கூழோடு அதை விழுங்கினாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஆதிகேசவன் அவளிடம் வந்தார். தோள் துண்டு இப்போது இடுப்பில் இருந்தது.

"யம்மா, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்சுல போணும்?"

"யாருக்கு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம செல்விக்குத்தான். ஆனா சாமி கீமின்னு எதுவும் நெனச்சுக்காதம்மா. எங்க ஊட்டுப் பொண்ணுக்கு வர்றது வெறும் வலிப்பு."