மோட்டாரில் தொங்கிய சீட்டு

அண்ணனின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. விரல்கள் மடங்கியபடியே விறைத்துப்போயிருந்தன. தம்பி கைப்பக்கத் தையலைப் பிரித்து ஒருவழியாக மாட்டிவிட்டான். உள்ளங்கையின் கருகல் அண்ணி கண்ணில் படாதபடி துணியை இழுத்துவிட்டு வெளியே வந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழுத அண்ணன் மகள், நாலு வயசு, தோளிலேயே தூங்கிப்போனாள்.

ஆலையில் அண்ணனுக்குப் 'புறங்கை' என்றுதான் பெயர். எலக்ட்ரீஷியன்கள் எதையும் முதலில் புறங்கையால் தொடுவார்கள். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் மடங்கி, கரண்ட் ஆளை விடாது. அண்ணன் வீட்டில் டீ டம்ளரைக்கூட அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் நேற்றுக் காலை பம்ப் மோட்டாரில் முழு உள்ளங்கையையும் வைத்துச் சூடு பார்த்திருக்கிறார். உள்ளே கம்பிச்சுருளின் மின்காப்பு கருகி, மோட்டாரின் உடம்பெல்லாம் கரண்ட் ஏறியிருந்தது. எர்த் கம்பியும் துருப்பிடித்து அறுந்து கிடந்தது.

ஆலை இன்ஜினியர் கையில் ஒரு காகிதத்தோடு வந்திருந்தார். கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று அதில் எழுதியிருந்தது.

"இருபது வருஷ அனுபவம். அவரே உள்ளங்கைய வெச்சா நாங்க என்னம்மா பண்றது? இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

அண்ணி பேனாவைத் தொடவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"நீ சொல்லு தம்பி. உங்க அண்ணன் கவனமில்லாத ஆளா?"

மாதாமாதம் மோட்டாரை நிறுத்தி, மெக்கர் கருவியால் காப்பைச் சோதித்து, சீட்டு எழுதித் தொங்கவிடுவது அதே ஆலையில் தம்பியின் வேலை. போன வாரம் பம்பை நிறுத்த இன்ஜினியர் விடவில்லை. முந்தைய மாத அளவையே எழுதி, 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். வேறு யார் கையெழுத்தாக இருந்தாலும் அண்ணன் நம்பியிருக்க மாட்டார்.

வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுவதற்கே தனக்கு அருகதையில்லை என்றும் தோன்றியது.

"நான் மெக்கர் வைக்கல அண்ணி. பழைய ரீடிங்கையே எழுதிட்டேன். என் கையெழுத்தப் பாத்துட்டுத்தான் அண்ணன் கைய வெச்சிருப்பாரு."

இன்ஜினியர் காகிதத்தை மடித்துக்கொண்டார்.

அண்ணி எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான்; அடித்திருந்தால் தேவலை. அவள் குழந்தையை, தூக்கம் கலையாமல், அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் தோளில் குழந்தையின் எச்சில் ஈரம் காயாமல் இருந்தது.