ஒரு நூல் கிட்ட

படத்தில் கவியரசனின் காது மிகத் தெளிவாக விழுந்திருந்தது. மடலின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு நரை முடிகளைக்கூட எண்ணிவிடலாம். கிருதாவில் தெளிவு கொஞ்சம் குறைந்தது, கன்னத்தில் இன்னும் குறைந்தது. கண்களுக்கு வரும்போது ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது.

"ஆளு அசைஞ்சிட்டாரு போல," என்றார் ஸ்டுடியோ சிவசங்கர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அசைஞ்சிருந்தா காதும் கலங்கியிருக்குமே," என்றாள் நிர்மலா.

அவர் யோசித்துவிட்டு, "அதுவும் செரிதான்," என்றார்.

நிர்மலாவின் புருஷன் கவியரசன் இறந்து எண்பத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. கள்ளக்குறிச்சியில் ஒரு பொறியாளரிடம் வீட்டு வரைபடம் போடும் வேலை. சித்திரையில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மேசைமேல் தலையைச் சாய்த்தான். தூங்குகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள். அன்றிலிருந்து நிர்மலா அழவில்லை. விற்பனைக் கூடத்து வேலைக்குப் போனாள், மூட்டைகளுக்குச் சீட்டு எழுதினாள், வந்து சமைத்தாள். அவள் அழாததை ஊர் கவனித்துக்கொண்டிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஆடி அமாவாசைக்குள் சுவரில் படம் மாட்டியாக வேண்டும் என்றாள் மாமியார் இருசம்மாள். மாட்டுவதற்குப் படம்தான் இல்லை. கேமரா எப்போதும் அவன் கையில் இருந்ததால் அவன் எதிலும் இல்லை. செல்போனை நீட்டினால் நாக்கைத் துருத்துவான். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுக்கக் கூடாது என்றாள் இருசம்மாள். காரியத்துக்கு அடித்த பேனரில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய லைசென்ஸ் போட்டோதான் இருந்தது. அதில் அவன் திருடனைப் போல் முழித்தான்.

அப்போதுதான் பிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கும் குழியில், கெடாமலிருக்க அவன் வைத்திருந்த ஒரு பிலிம் சுருள் கிடைத்தது. சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கினாள். முப்பத்தாறு படங்களில் முப்பது கல்வராயன் மலை. முகடுகள், மரவள்ளிக் கொல்லைகள், மேகம் அருவிக்கு இறங்கும் பாதை, எல்லாம் கத்தியால் கீறியதுபோல் தெளிவு. முப்பத்து நான்காவது படம் வெள்ளிமலை டீக்கடைக்காரர். அது கவியரசன் எடுத்தது. டீக்கடைக்காரரின் கண்ணிமை முடிகூடத் தெரிந்தது. முப்பத்தைந்தாவதில் அதே கடை பெஞ்சில் கவியரசன். அது நிர்மலா எடுத்தது.

"கண்ண மட்டும் லைசென்ஸ் போட்டோல இருந்து எடுத்து வெச்சிடலாம் மேடம்," என்றார் சிவசங்கர். "போன வாரம் ஒருத்தருக்குச் சட்டையே புதுசா மாட்டி வுட்டோம். கழுத்துல செயின் கேட்டாங்க, அதுவும் போட்டோம்."

"அவரு செயின் போட மாட்டாரு."

"ஃப்ரீதான் மேடம்."

அரை மணி நேரத்தில் கண்களை மாற்றிக் காட்டினார். இப்போது தெளிவாக இருந்தன. வாய் ஒருவரைப் பார்த்துச் சிரித்தது, கண்கள் வேறு யாருக்கோ பயந்தன. நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நிர்மலா பஸ் ஏறினாள்.

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, தான் செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். செய்முறைக் குறிப்பைச் சரிபார்ப்பதுபோல்தான் அவளால் படம் எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்க முடிந்தது.

"கேமரா ஜன்னல்ல நடுவுல பாரு, என் மூஞ்சி ரெண்டா தெரியுதா?" என்று கேட்டான் அவன்.

"ஒரு மூஞ்சியே ஜாஸ்தி. ரெண்டு வேறயா?"

"லென்சு வளையத்தத் திருப்பு. ஒன்னு மேல ஒன்னு வந்து உக்காரும். உக்காந்துச்சா? அங்கிருந்து ஒரு நூல் கிட்ட திருப்பு."

"அதான் ஒன்னா சேந்துடுச்சே. அப்புறம் இன்னாத்துக்குத் திருப்பணும்?"

"கேமரா ஜெர்மன்காரன் செஞ்சது, லென்சு ரஷ்யாக்காரன் செஞ்சது. ரெண்டு பேரு அளவும் கொஞ்சம் ஒத்துப் போவாது. மலைய எடுத்தா தெரியாது. கிட்டக்க ஆள எடுத்தா, கேமரா கண்ணப் பாத்துக்கினு இருக்கும், லென்சு காதப் பாத்துக்கினு இருக்கும்."

"உங்க அம்மாவும் நானும் மாதிரியா?"

"வூட்ல போய்ச் சொல்லிடாத," என்று சிரித்தான். அந்த நேரத்தில்தான் அவள் அமுக்கினாள்.

அந்தக் கேமரா தொண்ணூறு வருடத்துப் பழைய லைக்கா. அதற்கே உரிய ஜெர்மன் லென்ஸ் அவனுக்கு எட்டாத விலை. அதனால் சோவியத் காலத்து ஜூபிடர் லென்ஸை வாங்கித் திருகியிருந்தான். வடக்கனந்தலிலிருந்து வாழ வந்த நாள் முதல் நிர்மலா அவன் கேமராவைத் தொட்டது அந்த ஒருமுறைதான். சொன்னதைச் சரியாகத்தான் செய்தாள். இரண்டும் சேர்ந்த பிறகு, பூக்கட்டும் நூல் எவ்வளவு தடிமன் இருக்குமோ அவ்வளவு, வளையம் நகர்ந்ததா இல்லையா என்று விரலுக்கே சந்தேகம் வரும் அளவு, நகர்த்தினாள்.

அவள் வீட்டுக்குள் நுழையும்போது மாமனார் காசிநாதன் கூடத்துச் சுவரில் ஆணிக்கு இடம் குறித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாகக் கொத்தனார் வேலை. டேப்பின் மறுமுனையை இருசம்மாள் பிடித்திருந்தாள்.

"கீழ இறக்கு. இன்னும். ஒரு நூல் இறக்குன்னா ஒரு சாணு இறக்குறியே!"

"பெரிய தாஜ்மகால் கட்றாரு," என்றாள் இருசம்மாள்.

காசிநாதன் காதிலிருந்த பென்சிலை எடுத்து, பழைய கோட்டுக்குக் கீழே புதிய கோடு போட்டார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே வெள்ளைச் சுவர் தெரிந்தது. நிர்மலா பையைக் கீழே வைக்காமல் அதைப் பார்த்தாள்.

"மாமா, ஒரு நூலுன்னா எவ்ளோ?"

"இன்னா கேக்குற, கொத்தனார் வூட்டு மருமவ? அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு." டேப்பில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் காட்டினார். "பத்து வயசுலயே அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவள் உள்ளே போய் பீரோவைத் திறந்து கேமராவை எடுத்தாள். வளையத்தின் ஓரத்தில் ஸ்கேலை வைத்து, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு திருப்பினாள். வளையம் நகர்வது கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தது. அவன் சொன்ன நூல் இது. அவள் திருப்பியது இதில் பத்தில் ஒன்றுகூட இருக்காது.

அழுகையாவது வரும் என்று கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டு மிக்சி ஓடி நின்றது. யாருடைய தப்பு என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

செல்போனை எடுத்து, சென்னையிலிருந்து வந்திருந்த படங்களைப் பார்த்தாள். முப்பத்தாறும் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசையில் இருந்தன. அந்த அளவில் முப்பத்தைந்தாவதில் எந்தக் கோளாறும் இல்லை. கண்கள் கண்களாக இருந்தன, அவளைப் பார்த்தன. விரலால் பெரிதாக்கினாள், கலங்கியது. சிறிதாக்கினாள், தெளிந்தது. பத்துப் பதினைந்து தடவை அப்படியே செய்துகொண்டிருந்தாள். பிறகு சிவசங்கருக்குப் போன் போட்டாள்.

"கண்ண மாத்தாதீங்க. எடுத்தது எப்படி இருக்குதோ அப்படியே போட்டுக் குடுங்க. சின்னதா, உள்ளங்கை அகலத்துக்கு."

"மேடம், பன்னெண்டுக்குப் பதினெட்டு போடுற எடம் அது. செவுத்துல ஸ்டாம்பு ஒட்டுன மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

மறுநாள் சட்டம் போட்ட படத்தை அவள் நீட்டியபோது காசிநாதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இத்தினியூண்டு?"

"பெருசா போட்டா கண்ணு கலங்குது மாமா. அவரு ஒரு நூல் திருப்பச் சொன்னாரு. நான் பூக்கட்ற நூலுன்னு நெனச்சிட்டேன்."

அவர் டேப்பை இழுத்தார், விட்டார். அது கிர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

"செரி," என்றார். "அப்போ இவ்ளோ ஒசரத்துல ஆணி வேணாம். கண்ணுக்கு எட்டாது. எங்க அடிக்கட்டும்?"

நிர்மலா சுவரோரம் போய் நின்று, தன் கண் உயரத்துக்கு விரலை வைத்தாள். அவர் அங்கே அடித்தார்.

அமாவாசையன்று, கடையில் வாங்கிய மாலை படத்தை முழுசாக மூடிவிட்டது. நிர்மலா அதைக் கழற்றி மூன்று பூக்களை மட்டும் பிய்த்துச் சட்டத்தின் மேல் செருகினாள். வந்தவர்கள் வாசலிலிருந்தே கும்பிடப் பார்த்து, படம் எங்கே என்று தேடினார்கள். எதிர்வீட்டு ராணியம்மாள் சுவருக்கு ஒரு முழம் கிட்டே வந்து, "இப்பத்தான் ஆளு தெரியுது," என்றாள்.

எல்லோரும் போன பிறகு இருசம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். மூக்கு சட்டத்தில் இடிக்கும் அளவு நெருங்கி நின்றாள்.

"எதுக்கு இப்படிச் சிரிக்கிறான்?"

"உங்களையும் என்னையும் பத்திப் பேசிக்கினு இருந்தோம்."

"இன்னா பேசனீங்க?"

"ஒத்துப் போவலன்னு."

இருசம்மாள் திரும்பி அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"கண்ணு நல்லா விழுந்திருக்குது," என்றாள்.

"ஆமாங்க அத்தை," என்றாள் நிர்மலா. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. காக்கைக்கு வைக்க ஒரு பிடி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.