கேரட் வயலுக்குப் போன வீடு

காங் ஒக்ரே என்ற கிழவியின் முற்றத்தில் இருந்த வெளிவீடு, சின்குகான் மூன்றாம் நாள் விடிகாலையில் எழுந்து நடந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கேரட் வயலில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஆண்டு கேரட் விலை சுமாராகத்தான் இருந்தது, அறுவடையும் முடிந்திருந்தது. அதனால் வயல்காரர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

பெருங்குளிருக்கும் வசந்தப் பிறப்புக்கும் நடுவில் வருகிற சில நாட்கள்தான் சின்குகான். வாசலையும் அடுப்பையும் கிணற்றையும் காக்கிற தெய்வங்கள் அப்போது பொறுப்பை ஒப்படைக்க மேலே போய்விடும். புதிதாகப் பொறுப்பேற்கிறவர்கள் இன்னும் கீழே வந்திருக்க மாட்டார்கள். முல்தோ என்ற தீவுக் கிராமத்தில் வீடு மாறுவதோ, கூரை பிரிப்பதோ, கழிப்பறை இடிப்பதோ அந்த நாட்களில்தான். மற்ற நாளில் ஒரு கல்லை நகர்த்தினாலும் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொள்ளும். மனிதர்கள் வீடு மாறும்போது வீடும் ஏன் இடம் மாறக் கூடாது என்று ஒக்ரேயின் வீடு நினைத்திருக்கலாம். அதைப் பிடித்துவைக்க மேலே ஆள் இல்லை.

முல்தோவில் வீடு கிடைக்காத கதை அதற்கு முன்பே தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னும் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனால் பள்ளியை மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அந்த ஒரு குடும்பம் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆரஞ்சுக் கிடங்கில் பெட்டி அடுக்கும் நா கியுமான், அவன் மனைவி சோரான், மூன்று பெண் பிள்ளைகள். அவர்கள் இருந்த வீட்டை நகரத்துக்காரர் ஒருவர் வாங்கிக் காபிக் கடையாக்கப் போகிறார். கடலோரத்துப் புது வீடுகளோ சுற்றுலா வருகிறவர்களுக்குத்தான். ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்னால் வைக்க வேண்டும் என்றால் கியுமானின் வருடச் சம்பளம் அதற்கே போய்விடும். சின்குகான் முடிவதற்குள் வீடு அமையாவிட்டால் கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போவதாக இருந்தார்கள்.

யாருக்கு வீடு தேவை, யாரிடம் காலி இருக்கிறது, யாரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று வீடு வீடாகக் கேட்டுவர ஊர்த்தலைவர் யாங் அனுப்பியது ஒக்ரேயைத்தான். கடலில் மூழ்கிச் சங்கும் நத்தையும் எடுக்கிறவள். அவள் குரலுக்கு யாரும் கதவைச் சாத்த முடியாது. முல்தோவில் ஒவ்வொரு முற்றத்திலும் உள்வீடு ஒன்று, வெளிவீடு ஒன்று. உள்வீட்டில் பெற்றவர்கள், எதிரே வெளிவீட்டில் மகன் குடும்பம், தனி அடுப்போடு. மகன்கள் எல்லாம் வெளியூர் போய் வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் மகன் வருவான் என்று வெளிவீட்டைப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

ஒக்ரே ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. "உன் மகன் வருவானா? தங்கச்சி கல்யாணத்துக்கே வீடியோவுலதானே வந்தான்! யாருக்குடா பூட்டி வச்சிருக்க, எலிக்கா?" என்று முற்றத்தில் நின்று கத்தினாள். எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். ஆனால் சாவியை யாரும் தரவில்லை. ஊர்த்தலைவரிடம் கணக்கு ஒப்பித்தபோது அவர் மெல்லக் கேட்டார்: "சம்சூன், உங்க வெளிவீட்ட விட்டுட்டீங்களே?" முல்தோவில் பெரியவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும் சம்சூன்தான். ஒக்ரே அவரை முறைத்தாள். "அது காலி வீடா? அது தேசோக் வீடு. தினமும் தரைக்கு அடியில தீ மூட்டிச் சூடா வச்சிருக்கேன்."

அவள் மகன் தேசோக் ஒசாகாவில் இரும்புப் பட்டறை வைத்திருந்தான். அவன் வந்து வருடங்களாகின்றன. தரை மட்டும் அவள் சொன்னபடி ஒருநாளும் ஆறியதில்லை.

வீடு கிளம்பிய காலையில் ஒக்ரே கடலுக்குள் இருந்தாள். வேலிக் கற்களில் ஒன்றைக்கூடத் தள்ளாமல், பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடை தாண்டுகிற பெண்ணைப்போல அது மதிலைத் தாண்டியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பள்ளிக்குப் போன கியுமானின் பிள்ளைகள்தான் முதலில் உள்ளே நுழைந்தார்கள். தரை சூடாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டார்கள். தேடிவந்த சோரானும் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, மூட்டைகளை எடுத்துவரச் சொல்லிக் கணவனை அனுப்பினாள். சின்குகானில் வீடு தானாக வந்தால் மறுப்பது மரியாதையில்லை என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி யாரும் சொன்னதாக ஊரில் பிறகு ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஈரத் தலையோடு வந்த ஒக்ரே வயல் ஓரத்தில் நின்று, கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். "ஏய், வா இங்க! யாரக் கேட்டுப் போன?" வீடு அவள் குரலை அடையாளம் கண்டுகொண்டது. பின்பக்கம் தயங்கியபடி ஒரு முழம் எழும்பியது. கூப்பிட்டால் வரும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. புதுத் தெய்வங்கள் இறங்கும்போது அது எங்கே நிற்கிறதோ அதுதான் அதற்கு இடம் என்பதும் புரிந்தது. கியுமான் மூட்டையை இறக்காமல் வாசலிலேயே நின்றான்.

கடைக்குட்டி போமி ஜன்னலைத் திறந்தாள். "சம்சூன், கொஞ்சம் இருங்க! ஆட்டாதீங்க, சோறு வேகுது!"

ஒக்ரே திட்டுவதற்காகத்தான் உள்ளே போனாள். தேசோக்கின் மரப்பெட்டி தரையில் மிகச் சூடான இடத்தில் இருந்தது. தூசி தட்டி மேலே சுத்தமான துணி போர்த்தியிருந்தது. பிள்ளைகளின் படுக்கை கதவோரக் குளிரில் கிடந்தது. அடுப்பருகே சோறு நிறைந்த கிண்ணம் ஒன்று ஆவி பறக்க இருந்தது.

"இது யாருக்கு?"

"அடுப்புத் தெய்வத்துக்கு, சம்சூன்," என்றாள் சோரான்.

"அடி வெளியூர்க்காரி! சாமி எல்லாம் மேல போயிருக்கு. இப்ப யாரு வந்து திங்கப்போறா?"

சோரான் முகம் சிவந்துவிட்டது. "தெரியாம வச்சுட்டேன். ஆனா... வரும்போது பசியோடதானே வருவாங்க? தூரத்துலேருந்து வர்றவங்க."

ஒக்ரே கிண்ணத்தின் மேல் ஒரு தட்டை மூடிவைத்தாள். பிறகு மரப்பெட்டியை இழுத்துக் கதவோரம் தள்ளினாள். பிள்ளைகளின் படுக்கையை எடுத்துச் சூடான இடத்தில் விரித்தாள். "பெட்டிக்குக் குளிருமாடி?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வீட்டுச் சுவரில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "உக்காரு," என்றாள். வீடு உட்கார்ந்தது.

அன்று மாலை ஒசாகாவுக்குப் போன் போட்டாள். தேசோக் நடந்ததைக் கேட்டுக்கொண்டான். "அப்ப நான் வந்தா எங்க படுக்கறது, அம்மா?" என்றான்.

"என் பக்கத்துல படு. சின்ன வயசுல எங்கடா படுத்த?"

அவன் சிரித்துவிட்டான். இலையுதிர்காலப் பண்டிகைக்கு டிக்கெட் போடுவதாகச் சொன்னான். போட்டான், வந்தான், அம்மாவின் குறட்டையைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. வாடகை என்று ஒக்ரே கேட்டது வருடத்துக்கு ஒரு மூட்டை முள்ளங்கி, வயல்காரருக்கும் அதே. ஒக்ரே கடலிலிருந்து வரும் நாளெல்லாம் போமி சுடுநீர்ப் பாத்திரத்தோடு கரையில் நின்றாள்.

சின்குகான் முடிந்த காலையில் புது வாசல் தெய்வம் ஒக்ரேயின் முற்றத்தில் இறங்கி, வெளிவீடு இருந்த இடத்தில் வெறும் தரையைப் பார்த்துத் திகைத்து நின்றதாம். மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒக்ரே தலை நிமிராமல் பள்ளிக்கூடத்துப் பக்கம் முகவாயால் சுட்டினாள். தெய்வம் நன்றி சொல்லிவிட்டு நடந்தது.

அடுத்த சின்குகானில் ஊர்த்தலைவர் யாங்கின் வெளிவீடும் கிளம்பியது. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் இறங்கியிருந்தது. வீடு நடப்பது ஊருக்கு இப்போது புதிதல்ல, பார்க்க யாரும் வெளியே வரவில்லை. அன்று நல்ல குளிர். எல்லோர் வீட்டிலும் தரை சூடாக இருந்தது.